லீவு போடாத வீடு

பயிற்சிப் பள்ளி விடுதி
7.9.2025, ஞாயிறு

அன்புத் தங்கை மதிவதனிக்கு,

அக்கா கலைவாணி எழுதுவது. நான் இங்கே சுகம். நீ, அப்பா, அம்மா மூவரும் சுகமா? பதிலில் தெரிவிக்கவும்.

சிரிக்காதே. கையில் போன் இருக்கிற காலத்தில் இன்லண்டு லெட்டரா என்று கேட்பாய். போலீஸ் வேலைக்குச் சேர்ந்ததும் முதலில் பறிமுதல் ஆனது என் போன்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து நிமிடம் கையில் தருவார்கள். விசில் ஊதியதும் திரும்ப வாங்கிப் பூட்டிவிடுவார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் உன்னைக் கூப்பிட்டால் அப்பா உன் கையிலிருந்து போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். அம்மா நான்கு தடவை "சாப்டியா" என்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் "வணக்கம் மேடம்" என்கிறார். உன் குரலில் ஒரு "ம்" மட்டும்தான் எனக்குக் கிடைக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஐந்து மணிக்கு விசில், ஐந்தரைக்கு ஓட்டம். என் பிரிவில் நான் நான்காவதாக ஓடி முடிக்கிறேன். ஏழு மாதம் ஓடினால் மார்ச்சில் அணிவகுப்பு, பிறகு காக்கி.

நீ எப்படி இருக்கிறாய்? நம் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நீ. அப்பா உன்னைக் காலை ஆறே முக்காலுக்கே செருப்பை மாட்ட வைத்திருப்பார். கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக ஒரு நாள் லீவு போடாத மனிதர். நீ பிறந்த அன்றைக்குக்கூட ஷிப்டு முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அதற்காகக் கம்பெனி வருடா வருடம் தருகிற பரிசுப் பாத்திரங்களைப் பரணில் அடுக்க இடமில்லை. நம் வீட்டில் தோசை மாவுகூட "சி. சின்னசாமி, ஆப்சென்ட் இல்லா ஊழியர்" என்று பொறித்த அண்டாவில்தான் புளிக்கிறது. அந்தப் பரம்பரை உன்னுடையது, மறக்காதே.

எல்லாவற்றையும் எழுது.

உன் அக்கா,
கலை


கொரட்டூர்
21.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மதி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? கால் வலிக்கிறதா?

ஏழு இருபது வண்டியில் போகிறேன். அடுத்த தெரு வரலட்சுமி அக்காவும் அதே பெண்கள் பெட்டிதான். அவர் ஆவடியில் இறங்கிவிடுவார், தையல் கம்பெனிக்கு. நான் திருநின்றவூரில் இறங்கி ஷேர் ஆட்டோ.

வகுப்பில் அறுபது பேர். எல்லாம் ஆங்கிலத்தில். நான் ஒரு வரியைப் புரிந்துகொண்டு நிமிர்வதற்குள் பலகையைத் துடைத்து விடுகிறார்கள். ஆனால் பழகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஜெபா என்று ஒருத்தி, தூத்துக்குடிப் பக்கம், விடுதியில் தங்கியிருக்கிறாள். அவளும் பேசமாட்டாள், நானும் பேசமாட்டேன், அதனால் சிநேகிதமாகிவிட்டோம்.

மற்றவர்கள் முதல் வாரத்திலேயே கும்பல் கும்பலாகச் சேர்ந்துவிட்டார்கள். லேப் நோட்டு, போன வருடக் கேள்வித்தாள் எல்லாம் அவர்களுக்குள்ளேயே சுற்றுகிறது. நான் போய்க் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும்.

புதன்கிழமை இயற்பியலில் முதல் டெஸ்ட். பன்னிரண்டாம் வகுப்பில் தொண்ணூற்றாறு வாங்கியவள் என்று அப்பா தொழிற்பேட்டை டீக்கடை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். கடைக்காரர் என்னைப் பார்த்தால் "இன்னா இஞ்சினியரம்மா" என்கிறார். சிரித்துவிட்டு வந்துவிடுகிறேன்.

அம்மா உன் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

அன்புடன்,
மதி


கொரட்டூர்
12.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். நீயும் சுகம் என்று நம்புகிறேன்.

கல்லூரி நன்றாகப் போகிறது. டெஸ்ட் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை வரைபட வகுப்பில் ஒரு அறுகோணப் பட்டகத்தைச் சாய்த்து வைத்து வரையச் சொன்னார்கள். என் தாளைப் பார்த்து அந்த மேடம் "நீட்டா இருக்கு" என்றார். மதியம் நானும் ஜெபாவும் கேன்டீனில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். திரும்பி வரும்போது வண்டியில் நல்ல கூட்டம்.

ஆயுத பூஜைக்குப் பெண்கள் பெட்டியில் வாழைக்கன்று கட்டி, சந்தனம் வைத்து, பொரி கடலை கொடுத்தார்கள். வரலட்சுமி அக்காதான் தேங்காய் உடைத்தார். எனக்கு இரண்டு கை நிறையப் பொரி.

எழுத நேரமில்லை. நிறையப் படிக்க வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
மதி


பயிற்சிப் பள்ளி விடுதி
19.10.2025

வரலட்சுமி அக்காவுக்கு,

கலைவாணி வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் பிள்ளைகளும் சுகமாக இருக்கவேண்டும். நாளைக்குத் தீபாவளி, வாழ்த்துகள். உங்கள் போன் நம்பர் என்னிடம் இல்லை, அதனால் வீட்டு விலாசத்துக்கு எழுதுகிறேன். இந்தக் கடிதம் உங்களோடு இருக்கட்டும்.

மதிக்குக் கல்லூரிப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். பெற்றோர் நம்பர் என்ற கட்டத்தில் என் நம்பரைப் போட்டேன். அப்பாவின் பட்டன் போனில் ஆங்கில மெசேஜ் வந்தால் படிக்க ஆளில்லை. இதை மதியிடம் சொல்லவே இல்லை என்று நினைக்கிறேன்.

போன ஞாயிறு பேசுவதற்கே நேரம் போய்விட்டது. இன்று மெசேஜைத் திறந்து பார்த்தால் கல்லூரியிலிருந்து ஏழு. அக்டோபர் ஏழாம் தேதி உங்கள் மகள் வரவில்லை. எட்டாம் தேதி வரவில்லை. பத்தாம் தேதியும் வரவில்லை. அந்தப் பத்தாம் தேதி வரைபட வகுப்பில் மேடம் தன்னைப் பாராட்டினார் என்று எனக்கு எழுதியிருக்கிறாள். பட்டகம், எலுமிச்சை சாதம் எல்லாம் எழுதியிருக்கிறாள்.

காலையில் உங்களோடுதானே வண்டி ஏறுகிறாள்? பிறகு எங்கே போகிறாள்? யாரோடு போகிறாள்? தயவுசெய்து கவனித்துச் சொல்லுங்கள். அவளிடம் எதுவும் கேட்க வேண்டாம். உண்மையை அவளே சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன். அப்பாவுக்குத் தெரியவே கூடாது. லீவு என்ற சொல்லே அந்த மனிதருக்கு ஆகாது.

என்றும் மறவாத,
கலைவாணி


கொரட்டூர்
2.11.2025

அன்புள்ள கலைவாணிக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். எட்டாவது வரைதான் படித்தேன், எழுத்தில் தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ பயந்தது எதுவும் இல்லை. அந்தப் பெண் யாரோடும் போகவில்லை. தனியாகத்தான் இருக்கிறாள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

போன செவ்வாய் எங்கள் கம்பெனியில் கரன்ட் இல்லை, பதினோரு மணிக்கே அனுப்பிவிட்டார்கள். ஆவடியில் சென்னைப் பக்கம் போகிற வண்டியில் ஏறினேன். ஜன்னல் ஓரம் மதி. பையை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நீ கேட்க வேண்டாம் என்று சொன்னதால் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

வண்டியில் பூ விற்கிற பூங்காவனத்திடம் விசாரித்தேன். "அந்தப் பொண்ணா? வாரத்துல மூணு நாலு நாளு வர்து. திருநின்றவூர் வரைக்கும் போவும், எறங்கி எதுத்தாப்ல வர்ற வண்டில ஏறிக்கும். கொரட்டூர் வந்தா மறுபடியும் இந்தப் பக்கம். சீசன் டிக்கெட்டு கீதில்ல, யாரு கேப்பாங்கோ? ஒரு நாளு பசிக்குதானு கேட்டேன். இல்லீங்கனு சொல்லிக்கினே அழுதுச்சு" என்றாள்.

கலை, நானே கேட்டுவிடட்டுமா? என் வாய் சும்மா இருக்காது என்று உனக்குத் தெரியும். நீ சொன்னதற்காக அடக்கிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
வரலட்சுமி


பயிற்சிப் பள்ளி விடுதி
9.11.2025

அன்புத் தங்கை மதிக்கு,

நான் சுகம். நீங்கள் எல்லோரும் சுகமா?

உன் கடிதங்கள் ரொம்பச் சுருங்கிவிட்டன. படிப்பு அதிகமோ? டெஸ்ட் பரவாயில்லை என்று எழுதினாயே, எவ்வளவு என்று எழுதவில்லையே. இயற்பியல் சார் தாளைத் திருப்பிக் கொடுத்தபோது என்ன சொன்னார்? போன வாரம் எந்த நாளில் என்ன லேப் செய்தாய்? சும்மாதான் கேட்கிறேன், தெரிந்துகொள்ள ஆசை.

இங்கே விசாரணை எப்படி நடத்துவது என்று ஒரு வகுப்பு. எதிரில் இருப்பவர் தானாகப் பேசும்வரை அமைதியாக இருக்கச் சொல்கிறார்கள்.

ஓட்டம் நன்றாகப் போகிறது. என்னிடம் எதையும் சொல்லலாம், தெரியுமல்லவா?

உன் அக்கா,
கலை


கொரட்டூர்
16.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். நீ சுகமா?

டெஸ்டில் ஐம்பதுக்கு முப்பத்தெட்டு. சார் "குட், கீப் இட் அப்" என்றார். செவ்வாய்க்கிழமை தனி ஊசல் சோதனை செய்தோம். என் விடைதான் முதலில் சரியாக வந்தது. கிரண் என்று ஒரு பையன், வகுப்பில் முதல் மதிப்பெண், அவன்கூட என் நோட்டை வாங்கிப் பார்த்தான்.

நீ கவலைப்படாமல் பயிற்சியைப் பார். நான் நன்றாக இருக்கிறேன்.

அன்புடன்,
மதி


பயிற்சிப் பள்ளி விடுதி
23.11.2025

மதி,

சுகமா என்று கேட்க மனம் வரவில்லை.

இருபத்தொன்று. உன் கல்லூரியிலிருந்து என் போனுக்கு வந்த மெசேஜ்களின் எண்ணிக்கை. பெற்றோர் நம்பராக என் நம்பர்தான் அங்கே இருக்கிறது. நீ தனி ஊசலை ஆட்டிய அந்தச் செவ்வாய்க்கிழமை கல்லூரிக்கே போகவில்லை. கொரட்டூருக்கும் திருநின்றவூருக்கும் நடுவே வண்டியில் ஊசலாடிக்கொண்டிருந்தாய். எல்லாம் எனக்குத் தெரியும். ஒரு மாதத்துக்கு மேலாகத் தெரியும். நீயே சொல்வாய் என்று ஒவ்வொரு வாரமும் பார்த்தேன். நீ என்னடாவென்றால் முப்பத்தெட்டு மார்க் வாங்கிக்கொண்டிருக்கிறாய்.

உனக்கு என்ன குறை? அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் சீட்டு, அரசாங்கம் கட்டணம் கட்டுகிறது. அம்மா ஐந்து மணிக்கு எழுந்து சோறு கட்டுகிறாள். பன்னிரண்டாவதோடு நின்று துணிக்கடையில் நான்கு வருடம் கால் கடுக்க நின்றவள் நான். நீயாவது படிப்பாய் என்றுதானே? அப்பா இருபத்திரண்டு வருடம் காப்பாற்றிய பேரை நீ இரண்டு மாதத்தில் தொலைத்துவிட்டாய். அவருக்குத் தெரிந்தால் அந்த முகத்தில் எப்படி விழிப்பாய்?

நாளையிலிருந்து ஒழுங்காகப் போ. உடனே பதில் போடு.

கலைவாணி


பயிற்சிப் பள்ளி விடுதி
30.11.2025

மதி, என் கண்ணு,

பதில் வரவில்லை. இன்று போன் செய்தபோது அம்மா "அது படிச்சிகினு கீது, அப்புறம் பேசுதாம்" என்றாள். நீ வரவே இல்லை.

மெசேஜ் இருபத்துநான்கு ஆகியிருக்கிறது. இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டாம் தேதிகள். என் கடிதம் உனக்குக் கிடைத்த மறுநாளிலிருந்து தொடர்ச்சியாக மூன்று நாள். நடுநடுவே போய்க்கொண்டிருந்தவளை நான்தான் ஒரேயடியாக நிறுத்தியிருக்கிறேன். நீ பொய் எழுதியது எனக்கு ஏன் அவ்வளவு எரிந்தது என்று இந்த வாரம் முழுக்க யோசித்தேன். நானும் அதையே செய்துகொண்டிருந்தேன், மதி.

நான் ஓடவில்லை. மூன்று வாரமாக ஓடவில்லை. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசல். மற்றவர்கள் ஓடும்போது மைதானத்து ஓரம் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். "ஓட்டம் நன்றாகப் போகிறது" என்று உனக்கு எழுதியதும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான். வீட்டுக்கே அனுப்பிவிடுவார்களோ என்று பயம். அப்பாவிடம் சொல்ல பயம். உன்னிடம் சொன்னால் உன் படிப்பு கெடும் என்று நினைத்தேன்.

லீவு கேட்டேன், தரவில்லை. இங்கிருந்து எனக்குச் செய்ய முடிந்தது ஒன்றுதான். வரலட்சுமி அக்காவுக்கும் இன்று எழுதுகிறேன். இதுவரை மதியைப் பாருங்கள், கேட்காதீர்கள் என்று சொல்லியிருந்தேன். இனிமேல் கேளுங்கள் என்று எழுதுகிறேன்.

நானும் கேட்கிறேன். உனக்கு என்ன ஆயிற்று? மார்க் வேண்டாம், லேப் வேண்டாம். என்ன ஆயிற்று? ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

உன் அக்கா


கொரட்டூர்
8.12.2025, திங்கள்

அக்கா,

சுகம் என்று எழுதமாட்டேன். எனக்கு சுகமில்லை. ஆனால் இன்று கல்லூரிக்குப் போனேன். நீ முதலில் அதைத் தெரிந்துகொள்.

உன் மேல் ரொம்பக் கோபம். தெரிந்தே ஒரு மாதம் வேடிக்கை பார்த்தாய். என்னை ஒரு கேஸ் மாதிரி விசாரித்தாய். இதை எழுதினால்தான் மற்றதை எழுத முடியும், அதனால் எழுதிவிட்டேன்.

அந்த டெஸ்டில் எனக்கு ஒன்பது. ஐம்பதுக்கு ஒன்பது. தாளைக் கொடுக்கிற அன்று சார் என்னைப் பலகைக்குக் கூப்பிட்டு ஒரு கணக்கைப் போடச் சொன்னார். எனக்கு அந்தக் கணக்கு தெரியும். போட்டேன். விளக்கு என்றார். தமிழில் என்றால் கடகடவென்று சொல்லியிருப்பேன். வாய் வரவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கிரண் பக்கத்தில் இருந்தவனிடம் "கோட்டா" என்றான். மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் நாலைந்து பேர் சிரித்தார்கள். மறுநாள் கேட் வரை போனேன். கால் உள்ளே போகவில்லை. முதல் நாள் போகாததற்கு அதுதான் காரணம். இரண்டாம் நாள் போகாததற்கு நேற்று ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்பது காரணம். அப்புறம் அது பழகிவிட்டது. இயற்பியல் இல்லாத நாளாகப் பார்த்துப் போனேன். தினமும் சாயங்காலம் அப்பாவின் பட்டன் போனை எடுத்துப் பார்ப்பேன். கல்லூரியிலிருந்து ஒன்றும் வந்திருக்காது. மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

வண்டியில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், எழுந்து நில் என்று சொல்லமாட்டார்கள். அதனால் அங்கேயே இருந்தேன். சோற்றை நேமிலிச்சேரி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவேன். மிச்சம் வைத்தால் அம்மா கேட்பாளே.

உன் கோபக் கடிதத்தைப் பையில்தான் வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை அதே நேமிலிச்சேரியில் நின்றுகொண்டிருந்தேன். நிற்காத வண்டி ஒன்று வருகிறது, தள்ளி நிற்கவும் என்று மைக்கில் சொன்னார்கள். நான் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நின்றேன், அக்கா. ஆனால் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டி போன பிறகு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

அடுத்து வந்த லோக்கலில் இருந்து வரலட்சுமி அக்கா இறங்கினார். உன் கடிதத்தை அவர் அன்று ஆவடியில் இறங்கிய பிறகுதான் பிரித்துப் படித்தாராம். வேலைக்குப் போகாமல் ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்கி ஏறித் தேடியிருக்கிறார். "இன்னாடி, காலேஜி இங்கயா கீது?" என்றார். அவ்வளவுதான், நான் உடைந்துவிட்டேன். முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "ஒம்போது மார்க்கு எடுத்ததுக்கா ரெண்டு மாசம் வண்டில சுத்திகினு இருந்த? நானு எட்டாங்கிளாசுல கணக்குல ஆறு. வா என்கூட" என்று கையைப் பிடித்துக் கல்லூரிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அலுவலகத்தில் கணக்கு பார்த்தார்கள். மொத்தம் எண்பத்தைந்து வேலை நாள். நான் போகாதது இருபத்தொன்பது. எழுபத்தைந்து சதவீதம் இருந்தால்தான் தேர்வு எழுதலாம். அறுபத்தைந்துக்குக் குறையாமல் இருந்தால் எச்.ஓ.டி. பரிந்துரைக்கலாம். இனி ஒரு நாள்கூட விடாமல் வந்தால் அறுபத்தைந்தைத் தாண்டும். இன்னும் ஒரே ஒரு நாள் விட்டாலும் அதற்குக் கீழே போய்விடும், வருடம் போச்சு. அதோடு, திங்கட்கிழமை காலை பெற்றோர் வந்து உறுதிமொழி எழுதிக் கொடுக்காமல் என்னை வகுப்புக்குள் விடமாட்டார்கள். அம்மா போதாதா என்று கேட்டேன். படிவத்தில் அப்பாவின் பெயர்தான் இருக்கிறது, அவர்தான் வரவேண்டும் என்றார்கள்.

சனிக்கிழமை முழுக்க வாயே திறக்கவில்லை. நேற்று மத்தியானம் அப்பா சாப்பிட உட்கார்ந்தார். தட்டில் "ஆப்சென்ட் இல்லா ஊழியர் 2014" என்று தெரிந்தது. அம்மா ரசம் ஊற்றி அந்த எழுத்து மறைந்த பிறகு சொன்னேன். "அப்பா, நாளைக்கு நீ லீவு போடணும்."

நம் வீட்டில் யாரும் சொல்லாத வாக்கியம் அது. அம்மா கரண்டியோடு நின்றுவிட்டாள். அப்பா, "இன்னாத்துக்கு?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். வருடம் முடிய இருபத்துநான்கு நாள்தான் இருக்கிறது என்பதையும் நானே சொன்னேன். அவர் கையைக் கழுவிவிட்டு வாசலுக்குப் போனார். அடிப்பார் என்று நினைத்தேன். போனை எடுத்து சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். "பச்சையப்பன் சார், நாளைக்கு நா வரல... இல்ல சார், ஒடம்பு நல்லாதான் கீது... இல்ல சார், யாரும் சாவல... பொண்ணுக்கு வேல கீது." அந்தப் பக்கம் நம்பவே இல்லை போலிருக்கிறது, மூன்று தடவை சொன்னார்.

இன்று காலை அவர் தீபாவளிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். எச்.ஓ.டி. அறைக்கு வெளியே கிளார்க் ஒரு படிவம் கொடுத்தார். மாணவி வராததற்குக் காரணம் என்று ஒரு கட்டம். "காய்ச்சல்னு போடுங்க, எல்லாரும் அதான் போடுவாங்க" என்றார் கிளார்க். அப்பா பேனாவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு தமிழில் எழுதினார். அவர் எழுதியதை எழுத்து மாறாமல் உனக்கு எழுதுகிறேன்.

"வீட்டில் நாங்கள் யாரும் இவளை என்ன என்று கேட்கவில்லை. இனிமேல் கேட்போம். சி. சின்னசாமி."

எச்.ஓ.டி. அதை இரண்டு தடவை படித்தார். கையெழுத்துப் போட்டார். "இனிமேல் ஒரு நாள்கூடக் கூடாதும்மா" என்றார், தமிழிலேயே.

வகுப்புக்குப் போனேன். ஜெபா பக்கத்தில் என் இடத்தில் அவள் பை இருந்தது. அதை எடுத்துக் கீழே வைத்தாள். "நீ வராத நாளெல்லாம் பைய வச்சு இடம் போட்டேன். உன் நம்பர் கேக்காம விட்டுட்டேன்" என்றாள். அந்த நாளெல்லாம் அவளும் யாரோடும் பேசவே இல்லையாம்.

நாலு மணிக்கு வெளியே வந்தால் கேட்டுக்கு எதிரில் டீக்கடை பெஞ்சில் அப்பா. ஊட்டுக்குப் போகலையா என்று கேட்டேன். "லீவு போட்டா இன்னா பண்ணணும்னே தெர்லமா. அதான் இங்கியே குந்திகினு இருந்தேன்" என்றார். அக்கா, அந்த இடத்தில் நான் அழுத அழுகை டீக்கடைக்காரருக்கே பயமாகிவிட்டது.

கால் எப்படி இருக்கிறது? உண்மையாக எழுது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அதை நீதான் சொல்லவேண்டும்.

மதி


பயிற்சிப் பள்ளி விடுதி
14.12.2025, ஞாயிறு

அன்புள்ள மதிக்கு,

உன் கடிதத்தைச் சிமென்ட் பெஞ்சில் வைத்து மூன்று தடவை படித்தேன். கோபம் சரிதான், வைத்துக்கொள். மஞ்சள் கோட்டைப் பற்றி எழுதியதற்காக உன் காலில் விழலாம் போலிருக்கிறது. அப்படி இன்னொரு தடவை தோன்றினால் கடிதத்துக்குக் காத்திருக்காதே. வரலட்சுமி அக்காவின் கதவைத் தட்டு, அப்பாவை எழுப்பு. எந்த நேரமானாலும் பரவாயில்லை.

என் கால் சுகமில்லை. ஆறு வாரம் மாவுக்கட்டு. இந்த அணியோடு மார்ச்சில் முடிக்க முடியாது, அடுத்த அணியோடு சேர்ப்பார்களாம். வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். இன்று போனில் அப்பாவிடம் சொல்லிவிட்டேன், ஸ்பீக்கரிலேயே. பக்கத்து வீட்டுக்காரரும் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா, "வலிக்குதாமா?" என்று மட்டும் கேட்டார். வலிக்குது என்றேன். இத்தனை நாளில் அவரிடம் அதைச் சொன்னது இதுதான் முதல் தடவை.

இந்த வாரம் போனை வாங்கினதும் கல்லூரி மெசேஜைத்தான் தேடினேன். ஒன்றும் இல்லை. வந்தவர்களுக்கு மெசேஜ் அனுப்பமாட்டார்கள், அல்லவா? அந்த வெறும் திரையைப் பத்து நிமிடத்தில் பாதி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் அக்கா,
கலை


கொரட்டூர்
21.1.2026

அன்புள்ள அக்காவுக்கு,

ஹால் டிக்கெட் வந்தது. நேற்று இயற்பியல் எழுதினேன். பாஸாவேனா என்று தெரியாது, பொய் சொல்லமாட்டேன். ஜெபாவும் நானும் இன்னும் மூன்று பேரும் ஒரு மாதமாக நூலகத்தில் நாலிலிருந்து ஐந்து வரை உட்கார்ந்து படித்தோம். ஒருவருக்கொருவர் தமிழில் சொல்லிக்கொடுத்து, பிறகு ஆங்கிலத்தில் சொல்லிப் பார்ப்போம். கிரண் இன்னும் அப்படியேதான் இருக்கிறான். நானும் அவனைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்கிறேன். ஆனால் போகிறேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் கம்பெனியில் பரிசு கொடுத்தார்கள். அப்பா பெயரைப் படிக்கவில்லை. பச்சையப்பன் சார் வந்து, "ஒரு நாளுதான சின்னசாமி, நா வேணா மேல பேசிப் பாக்கட்டா?" என்று கேட்டாராம். அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். எல்லோரும் அட்டைப் பெட்டியோடு வண்டி ஏறியபோது அவர் வெறும் கையோடு வந்தார். அம்மாவுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

பொங்கல் அன்று காலையில் அப்பாவே பரணில் ஏறினார். எல்லாப் பாத்திரத்தையும் நகர்த்தித் தேடி ஒரு பானையை எடுத்துத் துடைத்து அம்மாவிடம் கொடுத்தார். 2007 என்று பொறித்திருந்தது. நான் பிறந்த வருடம்.

"இந்த வருசத்துலயே ஒரு நாளு போட்ருக்கணும்" என்றார். அதில்தான் பொங்கல் வைத்தோம்.

இப்போதெல்லாம் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் "இன்னிக்கு இன்னாமா ஆச்சு?" என்று கேட்கிறார். ஒரு நாள் தவறவில்லை. அவரைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே.

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்களா? கால் எப்படி இருக்கிறது? சுகம் என்று ஒரே சொல்லில் எழுதினால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

உன் தங்கை,
மதி